காலி ஸ்டாண்டில் ஒரு டோக்கன்

எண்பதுகளில் ஆவடி பக்கம் நான் படித்த கல்லூரியின் சைக்கிள் ஸ்டாண்டை ஒருவர் பார்த்துக்கொண்டார். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. "வரிசையா வுடு நைனா!" என்று கத்துவார். மூன்று வருஷத்தில் அவர் வேறெதுவும் பேசி நான் கேட்டதில்லை.

ஸ்டடி லீவில் ஒருநாள் ஹால் டிக்கெட் வாங்கப் போனேன். அவ்வளவு நீளக் கொட்டகையும் காலி. அவர் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே சைக்கிளை நிறுத்தினேன். தகர டோக்கனை நீட்டினார்.

"ஒரே வண்டிதானேண்ணே, டோக்கன் எதுக்கு?"

"இல்லேன்னா நீ பாட்டுக்கு எடுத்துகினு பூடுவ. இது இருந்தா என்னாண்ட வந்து நிப்ப இல்ல?"

திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சைக்கிளோ எங்கள் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றது.

"எங்க வுட்ட நைனா?"

முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, கொட்டகையின் அந்தக் கோடியைக் காட்டினேன்.

"அங்க, கடைசியிலண்ணே."

"வா, பாப்போம்" என்று எழுந்தார்.

இரண்டு பேரும் தேடிக்கொண்டே மெதுவாக நடந்தோம். பாதி தூரம் போனபிறகுதான், என் பேர் என்ன என்று கேட்டார்.