போலியோவும் பிரேக்கம்மாவும்

மூன்று வயதில் வந்த போலியோ அவருடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அதற்காக அவர் ஒதுங்கி உட்கார்ந்துவிடவில்லை. காரின் பக்கத்து இருக்கையில் கையால் போடும் பிரேக் ஒன்றைப் பொருத்திக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிரேக்கம்மா என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும்.

ஐம்பத்திரண்டு வயதில், பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்குக் குழறியது. தலைக்குள் கட்டி. வெட்டி எடுத்தார்கள், மறுபடியும் வளர்ந்தது.

"இன்னொரு வழி இருக்கு, இன்னும் பரிசோதனையிலதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஒரு வைரஸோட நரம்பைக் கெடுக்கிற குணத்தை எடுத்துட்டு, கட்டிக்குள்ளயே விடுவோம். அது கட்டியைத் தாக்கும். உங்க உடம்பும் முழிச்சுக்கிட்டுச் சேந்து சண்டை போடும்."

"என்ன வைரஸ்?"

டாக்டரம்மாவின் பார்வை அவருடைய காலுக்குப் போனது. "போலியோ."

கூட வந்திருந்த தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "கிளம்புக்கா! பட்டது போதாதா?"

பிரேக்கம்மா சிரித்துவிட்டார். "உக்காருடா. எனக்கென்ன புது ஆளா அது?" பிறகு டாக்டரைப் பார்த்தார். "கேக்குமா?"

"தெரியாதும்மா. சிலருக்குச் சுருங்கியிருக்கு. பலருக்கு இல்ல. யாருக்குக் கேக்கும்னு முன்னாடியே சொல்ல முடியல."

மழுப்பாமல் சொன்ன அந்தத் 'தெரியாது' பிடித்துப்போய்த்தான் அவர் சம்மதித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மெலிந்த காலைத் தடவியபடி வெகுநேரம் அழுதார்.

மண்டையோட்டில் துளையிட்டு, மெல்லிய குழாய் வழியாக மருந்தை விட்டார்கள். காய்ச்சல் போட்டு வாட்டியது. வலது கை துவண்டது. தம்பி முணுமுணுத்துக்கொண்டே ஊட்டிவிட்டான். அடுத்த அறையில் ஒரு ரொட்டிக் கடைக்காரர். அதே கட்டி, அதே மருந்து. சுவரைத் தட்டித் தட்டி இருவரும் கேலி பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் காலையில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை.

"அவருக்கு ஏன் கேக்கல?"

"தெரியலம்மா" என்றார் டாக்டரம்மா. இந்த முறை அந்தச் சொல் பிரேக்கம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

பிரேக்கம்மாவின் கட்டி மாதாமாதம் சுருங்கி, தழும்பளவுக்கு வந்து நின்றது. எப்போதாவது வலிப்பு வருவதால் முன்னிருக்கையில் உட்காரத் தடை. அவரா சும்மா இருப்பார்? நேராக ரொட்டிக் கடைக்காரரின் மனைவியிடம் போனார். அந்த அம்மாள்தான் இப்போது கடையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். ரொட்டி வண்டியோ ஓட்ட ஆளில்லாமல் நின்றிருந்தது.

"வாங்க, கத்துக்கலாம்."

"எனக்கு வருமா?"

"தெரியாது. சாவியைப் போடுங்க."

தன் காரிலேயே தம்பியைப் பிரேக் பக்கம் உட்காரவைத்து, பின்னிருக்கையிலிருந்து அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. "தம்பி, தூங்குறியா? பிரேக்கைப் பிடிடா!"