சம்பந்தியின் லிமூசன் மாடுகள்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், மரக்கறிக் கடையில் நான் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போது, என் கைபேசிக்குள்ளிருந்து மாடு கத்தும். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பேசுவது என் மகள் நிலானி. பாரிஸில் பிறந்து, இங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலை செய்தவள், பிரெஞ்சுக்காரன் ஒருவனைக் கலியாணம் செய்து, லிமோஜ் நகருக்கு அப்பால் அவனுடைய தகப்பனின் பண்ணையில் போய் இருக்கிறாள். அங்கே வளர்ப்பவை லிமூசன் என்ற செம்மண் நிற மாடுகள். பாலுக்கு அல்ல, இறைச்சிக்கு. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் கேட்டால், "மருமகன் வீட்டார் மாடு வளர்க்கினம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தை அவர்கள் பாலுக்கென்று நினைத்துக்கொள்வார்கள்.

நிலானிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, பாரிஸ் புறநகரான ஸ்தேனில் உள்ள என் வீட்டுக்குக் கூட்டிவர ரயில் ஏறினேன். தலைப்பிள்ளைப்பேறு தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். சம்பந்தி ஜெரார் மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். போன அன்றே எங்கள் இருவரையும் மாட்டுக்கொட்டிலுக்கு அழைத்துப்போனார். நிலானி வயிற்றில் கைவைத்தபடி கம்பி வேலியோடு நின்றாள். அவள் பக்கமாகக் கையைக் காட்டி அவர் பெருமையோடு சொன்னார்: அவளுக்கு இடுப்பு அகலம், குட்டி சிறியதாகத்தான் வரும், "தூத் சேல்", தன்பாட்டில் பெற்றுவிடுவாள், வைத்தியரைக் கூப்பிடத் தேவையில்லை.

எனக்கு உடம்பு கொதித்தது. "முசியூ, என்ர மகள் ஆஸ்பத்திரியிலைதான் பெறுவாள்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். மனிதர் திகைத்துப்போனார். நிலானி கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, அவர் எனக்குப் பின்னாலை நிக்கிற மாட்டைச் சொல்லுறார்."

"பார்தோன், மதாம்" என்று அவர் காதுவரை சிவந்தார். பிறகு எனக்கு விளங்கவேண்டுமென்று மெதுவாகச் சொன்னார். லிமூசன் கன்று மெல்லிய எலும்போடு பிறப்பதால் தாய் அதிகம் வருந்தாது. மழை, குளிர் தாங்கும். மேய்ச்சல் சுமாரானாலும் உடம்பு வைக்கும், இறைச்சியில் கொழுப்புக் குறைவு. அந்த மாடு ஈன்றால், கடும்பு காய்ச்சி நிலானிக்குக் கொடுக்க முதற்பாலில் கொஞ்சம் தருவாரா என்று கேட்டேன். அவருக்கு அது விநோதமாக இருந்தது. "பால் கன்றுக்கு. நாங்கள் கறப்பதில்லை" என்றார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு மாட்டுக்கு மாட்டுப்பொங்கலன்று பொட்டு வைப்போம். மற்ற நாட்களில் அம்மா கறந்து முடியும்வரை கன்றின் கயிற்றைப் பிடித்திருப்பது என் வேலை. வாயில் நுரையோடு அது திமிறும். இங்கே கன்று மாதக்கணக்கில் தாயோடு திரிந்து, வேண்டுமட்டும் குடித்து, பிறகொருநாள் லொறி ஏறிப் போகிறது. எது இரக்கம் என்று எனக்கு இன்றும் தீர்க்கத் தெரியவில்லை.

அன்று மாலை நிலானி சொன்னாள்: "அம்மா, நான் வரேல்லை. இஞ்சை இருந்துதான் பெறப்போறன். நீங்கள் வந்து நில்லுங்கோ."

"சனம் என்ன சொல்லும் பிள்ளை?"

"செ ஷே முவா, அம்மா." இது என்ர வீடு. தமிழில் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காதோ என்னவோ. நான் தனியே திரும்பினேன். வேலையிடத்தில் லீவு எடுத்து, லாச்சப்பலில் கொத்தமல்லி, மிளகு, வேர்க்கொம்பு என்ற சுக்கெல்லாம் வாங்கி வறுத்து இடித்துக்கொண்டு மறுபடி போனேன். லிமோஜ் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள்.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த மறுநாள் ஜெரார் அடுப்பின் ஒரு பக்கத்தில் தன் மாட்டிறைச்சியை வைனில் வேகவைத்தார். மறுபக்கத்தில் நான் இடித்துக் கொண்டுவந்ததைப் போட்டுப் பிள்ளைப்பெற்றவளுக்குச் சரக்குக் கறி வைத்தேன். மாடுகள் வேலி தாண்டிவிட்டன என்று மருமகன் வெளியே நின்று கூப்பிட்டான். ஜெரார் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்கத் தயங்கினார்.

"போங்கோ, நான் பாக்கிறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு ஓடினார்.

அவருடைய சட்டியில் அடிப்பிடிக்கும் மணம் வந்தது. நான் பிறந்ததிலிருந்து தொடாத மாட்டிறைச்சி. அவருடைய மரக்கரண்டியை இடது கையில் எடுத்தேன். வலது கையில் என் அகப்பை. மேல்மாடியில் பேத்தி அழத் தொடங்கினாள். நான் இரண்டு சட்டிகளையும் மாறிமாறிக் கிண்டிக்கொண்டு நின்றேன்.