அக்காவுக்காக ஜன்னல் பார்க்கப் போன திருத்தணி

திருத்தணிக்குப் போகிறவர்கள் முருகனைப் பார்க்கப் போவார்கள். நான் முதன்முதலில் போனது ஜன்னல் பார்க்க. எழுபத்தாறாம் வருடம், கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். என் அக்கா சரோஜாவுக்கு ஒரே சமயத்தில் இரண்டு வரன்கள் வந்திருந்தன. இரண்டும் திருத்தணியில். மாப்பிள்ளை வீடு பார்க்க நைனாவும் அத்தையும் கிளம்பினார்கள் (எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்). கல்யாணப் பெண் போகிற வழக்கம் இல்லை. அதனால் அக்கா தன் கண்ணாக என்னை அனுப்பினாள். எனக்கு அப்போது பதினாறு வயது.

பெரம்பூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில் இருந்தோம். மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல். பிற்பகலில் சூடு ஏறினால் அக்காவுக்கு மூச்சு வாங்கும். வெயிலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால் காற்றில்லாமல் இழுப்பே வந்துவிடும். திறந்தாலும் கஷ்டம், சாத்தினாலும் கஷ்டம்.

"மாப்பிள்ளைய நைனா பாத்துக்குவாரு. நீ எனக்கு ஜன்னலப் பாரு" என்றாள் அக்கா. "வெயிலு உள்ள வரக்கூடாது, காத்து வரணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் நான் அங்க பொழைக்க மாட்டேன்." பிறகு இரண்டு மெழுகுவர்த்திகளை என் பையில் போட்டாள். ஒவ்வொரு வீட்டு ஜன்னல் திட்டிலும் ஒன்றைக் கொளுத்தாமல் அரை மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னலில் அது சூட்டில் எப்படி வளையும் என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

காலை ஆறரைக்குப் பாசஞ்சர் வண்டி. மணவூர் தாண்டியதும் எனக்குக் கண் செருகிவிட்டது. திருவாலங்காட்டுக் கரும்புத் தோட்டங்கள் அரைத் தூக்கத்தில் வந்தன, போயின. அரக்கோணத்தில் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான். கானலுக்கு நடுவே திருத்தணி மலை தரையைத் தொடாமல் மிதப்பதாகத் தோன்றியது. இறங்கின பிறகும் எனக்கு அந்த மயக்கம் தெளியவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி. ஒன்றரை ரூபாய்க்குப் பேசினோம்.

"மலைக்குத்தானம்மா?" என்றார் வண்டிக்காரர்.

"இல்லங்க, ஊட்டப் பாக்க வந்துகினு இருக்கோம். பொண்ணு குடுக்கணும்" என்றாள் அத்தை.

"அப்ப மொதல்ல மேல போயி கேட்டுக்கினு வந்துடுங்க. அப்பால எங்க போனாலும் தப்பு வராது."

மலையேறிக் கும்பிட்டு, கீழே சாப்பிட்டு, முதல் வீட்டுக்குப் போனபோது மணி இரண்டு. எனக்கும் அதுதான் வசதி. ஜன்னலின் யோக்கியதை பிற்பகலில்தான் தெரியும்.

மாப்பிள்ளைக்கு ஜவுளிக்கடை. வீடு புத்தம் புதுசு. மேற்குச் சுவர் முழுக்க நீலக் கண்ணாடி ஜன்னல்கள், மேலே வெயில் மறைக்கத் தளம் எதுவும் கிடையாது. அறை முழுக்க நீலமாக இருந்தது. குளத்துக்குள் உட்கார்ந்து கேசரி சாப்பிடுவதாக ஒரு சொப்பனம் கண்டால் இப்படித்தான் இருக்கும். மின்விசிறி ஓடும்வரை எல்லாம் அழகு. மெழுகுவர்த்தியை வைத்ததும் மாப்பிள்ளையின் அம்மா சந்தேகமாகப் பார்த்தார்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்களாம்மா?"

"சின்னப் பொண்ணுங்க. வெளாடிக்கினு இருக்குது" என்று அத்தை என் தொடையைக் கிள்ளினாள்.

அப்போது கரண்ட் போனது. அந்தக் காலத்தில் அது தினப்படி வழக்கம். விசிறி நின்றதும் கண்ணாடி தன் வேலையைக் காட்டியது. கதவைத் திறந்தால் அனல், மூடினால் வேக்காடு. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் கை வைத்து உடனே எடுத்துவிட்டேன். மெழுகுவர்த்தி மெல்லக் குனிந்து, கடைசியில் திட்டிலேயே தலை சாய்த்துவிட்டது. அக்கா இங்கே ஒரு கோடையைத் தாண்ட மாட்டாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. நல்ல மனிதர்கள்தான், பாவம்.

இரண்டாவது வீடு நெசவுத் தெருவில். மூன்றரை மணி. உள்ளே கால் வைத்ததும் குளுகுளுவென்று இருந்தது. தடித்த மண்சுவர், ஒரு முழ அகலத்தில் மரக்கதவு போட்ட ஜன்னல், வெளியே வேப்பமர நிழல், தறிக்குழியைச் சுற்றி நனைத்த மணல். மெழுகுவர்த்தி கடைசிவரை நிமிர்ந்தே நின்றது. ஆனால் ஜன்னல் இறுகச் சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கே காற்றுப் போதவில்லை.

"இதத் தொறக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"தறி ஓடிக்கினு இருக்கும்போது தொறக்கறதில்லம்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "மேக்காத்து காஞ்ச காத்து. அது பட்டா நூலு அந்துடும்."

எனக்குள் எல்லாம் அணைந்துபோனது. ஒரு வீட்டில் வெயில், இன்னொரு வீட்டில் மூச்சு முட்டல். அக்காவிடம் என்ன சொல்வேன்? அந்தக் கவலையில் வாய் தவறி, "அக்காவுக்கு மூடின ரூம்புல மூச்சு வராது" என்று சொல்லிவிட்டேன். வரன் பார்க்க வந்த இடத்தில் சொல்லக் கூடாத விஷயம். நைனாவின் முகம் வெளுத்தது.

தறியில் இருந்தவர் ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். அவர்தான் மாப்பிள்ளை. குழியை விட்டு எழுந்து வந்து ஜன்னலை விரியத் திறந்தார். காற்று உள்ளே புகுந்தது. வேப்பம்பூ வாசனையோடு, வெளிச்சத்தோடு, தூரத்தில் மலைப்படிகளில் மேலே நகரும் பக்தர்களின் மஞ்சள் புள்ளிகளோடு. நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் இழைகள் ஒவ்வொன்றாக அறும் சின்னச் சத்தம் கேட்டது.

"டேய், நூலு" என்றார் அம்மா.

"அந்துச்சுன்னா முடி போட்டுக்கலாம்மா" என்றார் அவர். என்னிடம், "காத்து போதுமாம்மா?" என்று கேட்டார்.

"ஆங்" என்றேன்.

ராத்திரி வீடு திரும்பியதும் அக்காவிடம் மெழுகுவர்த்திக் கதை முழுவதையும் சொன்னேன். அதை அவள் பாதிக் காதால்தான் கேட்டாள். நூல் அறுந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பால ஜன்னலச் சாத்திட்டாரா?"

"இல்லக்கா. நாங்க கெளம்பற வரைக்கும் தொறந்துதான் இருந்துச்சு. குனிஞ்சி முடி போட்டுக்கினே இருந்தாரு."

அக்கா என் கையை விடாமலே, "அந்த ஊடே இருக்கட்டும்னு நைனாகிட்ட சொல்லு" என்றாள்.

இதைப் படித்துவிட்டுத் திருத்தணி போகிறவர்களுக்குச் சில யோசனைகள். கோடையில் மலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் படி காலைச் சுடும். அந்தப் பக்கம் வீடு வாங்கவோ குடிபோகவோ போனால் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்கு ஜன்னலில் கண்ணாடி இருந்தால் வெளிப்பக்கம் நிழல் கட்டாயம் வேண்டும், உள்ளே திரை தொங்கவிட்டுப் பிரயோஜனமில்லை, சூடு அதற்கு முன்பே உள்ளே வந்திருக்கும். விசிறியை ஒரு கால் மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். மெழுகுவர்த்தி கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடைக்கும் அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறேன். அக்காவுக்கு அந்த வீட்டிலும் சில நாள் மூச்சு வாங்கியது. அப்படிப்பட்ட நாட்களில் அக்காவின் கணவர், எங்கள் பாவா, தறியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பார். தெருமுனையில் நான் திரும்பும்போதே பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்: "தறிச் சத்தமே காணோம்மா, இன்னிக்கி சரோஜாவுக்கு முடியல போல, சீக்கிரம் போ."