பியானோவுக்குக் காயில் கட்டியவர்

சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெல்டிங் கடைக்காரர் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "டீச்சர், வைரவன் அண்ணன் விடியக்காலம் தவறிட்டாக." சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பையைக் கவிழ்த்தால் வெங்காயம் மட்டும்தான் விழுந்தது. பொறுக்கிய கத்தரிக்காயைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்போதுதான் அழுகை வந்தது.

தேனி வட்டாரத்தில் கிணற்று மோட்டார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். மோட்டாருக்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருளான காயில் எரிந்துபோனால் அவர் பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். எங்கள் சபையின் பியானோவுக்குக் கம்பி சுற்றியவரும் அவர்தான் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பதினைந்து வருஷம் இருக்கும். கம்பத்துக்கு மேலே மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தவர்கள் தங்கள் பியானோவைச் சபைக்குக் கொடுத்தார்கள். லாரியில் வந்து இறங்கியபோது அடிக்குரல் கம்பிகளில் பன்னிரண்டு அறுந்து சுருண்டு கிடந்தன. பெட்டியைப் பிரித்து அலமாரி செய்யலாம் என்றது சபைக் கமிட்டி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அறுப்பின் பண்டிகைக்கு இது பாடும். பாடாவிட்டால் ஆராதனையில் நான் வாசிப்பதையே விட்டுவிடுகிறேன்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். வாசிப்பதை விட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. வாய்க்கொழுப்பு, வேறென்ன?

அறுந்த கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், இதற்கு மெட்ராஸ்தான் போகவேண்டும் போலிருக்கிறது என்றேன். அண்ணன் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அட, இது நம்ம சரக்குத்தானே டீச்சர்! உள்ள உருக்குக் கம்பி, மேல செப்புச் சுத்து. இதுக்கா மெட்ராஸ் போகணுங்கிறீக?" உருக்குக் கம்பியை மட்டும் மெட்ராஸிலிருந்து தருவித்தோம். காயில் சுற்றும் மெஷினில் அதை விறைப்பாக இழுத்துக் கட்டி, மேலே செப்பை இடைவெளி இல்லாமல் சுற்றினார். பார்க்க அத்தனை அழகு.

பன்னிரண்டையும் மாட்டிவிட்டு ஒரு கட்டையை அழுத்தினேன். தொப்! நெல் மூட்டையில் தடியால் அடித்த சத்தம். அடுத்ததும் தொப். அண்ணன் கம்பியை மோந்து பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பழக்க தோஷம்! காயில் கட்டினால் வார்னிஷில் முக்கி, பல்பு வெளிச்சத்தில் காயவைப்பது அவர் வழக்கம். இதையும் அப்படியே முக்கிக் காயவைத்திருக்கிறார். சுற்றெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிட்டன. "மோட்டார்ல சுத்து அசையக் கூடாது டீச்சர். இதுல அசைஞ்சாத்தான் உசுரு. எனக்கு இது உறைக்கலையே!"

பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சல் என்று கமிட்டிக்குக் கடிதம் எழுதிவிடுவதாகச் சொன்னேன். "நல்லாத்தானே இருக்கீக?" என்றார் அண்ணன். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே எண்ணெய்க் கறைச் சட்டையோடு கமிட்டி நடுவில் போய் நின்றார். "ஐயா, தப்பு நடந்துபோச்சு. வார்னிஷ் போட்டுக் கெடுத்தது நான்தேன். டீச்சர ஒண்ணும் சொல்லாதீக. பண்டிகைவரைக்கும் பொறுங்க" என்றார், ஏதோ கல்யாணச் செய்தி சொல்கிறவர் போல. முதலில் சிரித்தவர் போதகர். அலமாரிப் பேச்சு அதோடு நின்றது.

பன்னிரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு வார்னிஷ் இல்லாமல் புதிதாகச் சுற்றினார். கம்பியை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணியில் மூன்று சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். "புதுக் கம்பி புது மாப்பிள்ளை கணக்கா, டீச்சர். நாலு நாள் முறுக்கு இறங்கிக்கிட்டே இருக்கும். விடாம இழுத்துப் பிடிச்சாத்தான் வழிக்கு வரும்" என்பார். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் முறுக்குவார், நான் காதைத் தீட்டிக்கொண்டு "இன்னும் கொஞ்சம்" என்பேன்.

அடுத்து, கம்பியை அடிக்கும் சுத்தியல்கள். அவற்றின் தலையிலிருந்த கம்பளி இறுகி, கம்பி பட்ட இடமெல்லாம் பள்ளமாகியிருந்தது. உப்புத்தாளைக் குச்சியில் ஒட்டி, கம்பளியின் பக்கவாட்டுத் தோளிலிருந்து உச்சியை நோக்கித் தேய்த்துப் பள்ளத்தை எடுத்தார். பிறகு ஒரு மரப்பிடியில் மூன்று தையல் ஊசிகளைச் செருகி, கம்பளியின் தோளில் மட்டும் குத்தி இளக்கினார். எனக்குப் பொறுக்குமா? அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஊசியை எடுத்து ஒரு சுத்தியலின் உச்சியிலேயே குத்திவிட்டேன். அந்த ஸ்வரம் ஜலதோஷம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. வந்து அழுத்திப் பார்த்தார். "ஏன் டீச்சர், பிள்ளையத் தலையில குட்டலாமா? தோள்லதானே தட்டிக் குடுக்கணும்?" சால்டரிங் இரும்பை லேசாகச் சூடாக்கி உச்சியில் ஒற்றி ஒற்றிக் கம்பளியை மறுபடி இறுக்கிக் கொடுத்தார்.

பண்டிகை ஞாயிறு. பீடத்தருகே விளைச்சல் காணிக்கையாக வந்த வாழைத்தாரும் பூசணியும் குவிந்திருந்தன. கோயில் கும்பிடுகிற அண்ணன் திருநீற்றுப் பட்டையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். முதல் பாட்டின் முடிவில் இருப்பதிலேயே கீழ்க் கட்டையை அழுத்தினேன். பெஞ்சுப் பலகையெல்லாம் அதிர அது முழங்கியது. பின்னாலிருந்து, மோட்டார் தண்ணீரைப் பிடித்ததும் கத்துவதுபோல், அண்ணனின் கத்தல்: "ஆத்தீ! பிடிச்சிருச்சு டீச்சர்!" சபையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணீர் வழிய வாசித்த பாட்டு என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

போன ஞாயிறு, அவர் காரியம் முடிந்து நான்காம் நாள், கீர்த்தனையின் நடுவே வேறு கட்டையைத் தொட்டுவிட்டேன். முன்பென்றால் சத்தத்தைக் கூட்டி மழுப்பியிருப்பேன். எனக்கு அதில் கைதேர்ந்த பழக்கம் உண்டு. அன்று எழுந்து நின்று, "பியானோமேல் குற்றமில்லை, தப்பாக வாசித்தது நான்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு முன்னைவிட உரக்கப் பாடினார்கள். அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். இனி யார் கேட்டாலும் திருப்பித் தருவதாக இல்லை.