தொங்கிய வயர் விறைத்து நிற்கிறது

யட்டவத்தையில் எங்கள் வீட்டுக்குப் புது ஃபைபர் இணைப்பு வந்து எட்டு நாள்தான். இன்று காலை ரௌட்டரில் சிவப்பு விளக்கு. ஃபோன் பண்ணியதும், லைனைப் பொருத்திய அதே தம்பி வந்தார்.

உள்ளே வரவில்லை. ரோட்டோர போஸ்டிலிருந்து எங்கள் கூரைக்கு வரும் வயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், இதை யாராவது இழுத்துக் கட்டுனீங்களா?"

இல்லை என்றேன்.

வேலை முடிந்ததும் கம்பெனிக்கு அனுப்ப அவர்கள் ஒரு படம் எடுப்பார்கள். போன கிழமை எடுத்ததை ஃபோனில் காட்டினார். அதில் வயர் கொய்யாக் கிளையைத் தொட்டுத் தொங்குகிறது. இப்போது கிளைக்கு ஒரு முழம் மேலே விறைத்து நிற்கிறது.

"மழைக்கு போஸ்ட் சாஞ்சிருக்கும்" என்றார் என் கணவர்.

தம்பி ரோட்டுக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"போஸ்ட் நேராத்தான் இருக்குங்க."

மூவரும் திரும்பி, சரிவில் இருக்கும் எங்கள் வீட்டைப் பார்த்தோம். குசினியில் அடுப்போரச் சுவர் விரிசலுக்கு நேற்றுத்தான் என் கணவர் சீமெந்து பூசியிருந்தார். உள்ளே தூங்கிய பிள்ளையைப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன்.

தம்பி வயரைத் தளர்த்தி லைனைச் சரியாக்கினார். போகும்போது மெதுவாகச் சொன்னார்.

"கிராம சேவகர்கிட்ட இப்பவே சொல்லுங்க மிஸ். புள்ளைய உள்ள தூங்க வைக்காதீங்க."

சொல்லிவிட்டோம். மழை இன்னும் விடவில்லை. பைகளோடு ரோட்டில் வேனுக்கு நிற்கிறோம்.

மாத்தளை டவுனில் வாடகைக்கு அறை இருந்தால் சொல்லுங்கள். இன்டர்நெட் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, வீடு நகராமல் இருந்தால் போதும்.