நுரைக்காத மண்

தெம்பனிஸ் தோட்டக்காரர் முத்தையா முந்தாநாள் சோதிக்கச் சொல்லி வீட்டில் கொடுத்துவிட்டுப் போன மண்ணில், இன்று பள்ளிக்கூட லேபில் அவர் எதிரிலேயே பெராக்சைடு ஊற்றினேன். மண்ணில் நுண்ணுயிர்களின் நொதி இருந்தால் நுரை பொங்கும். ஒரு குமிழிகூட வரவில்லை.

"உங்க மண்ணுல உயிரே இல்லங்க" என்றேன்.

"அப்புறம் எதுக்கு சார் வச்சிக்கிட்டு? பள்ளம் ரொப்ப லாரிக்காரன் மண்ணு கேட்டான் லா. இன்னைக்கே அள்ளிக்கச் சொல்லிடறேன்" என்று போய்விட்டார்.

ஃபேரர் பார்க் வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆவலாகக் கேட்டாள்.

"மண்ணு நல்லா இருந்துச்சா? ஒரே ஈரம், புழு வேற. உங்களுக்குக் கஷ்டம்னு சட்டியில போட்டு வறுத்து, சலிச்சு வச்சேன்."

முத்தையா வீட்டில் டெலிபோன் கிடையாது. தெம்பனிஸில் இந்நேரம் லாரி நின்றுகொண்டிருக்கும்.

"அடுத்த வாட்டியும் குடுங்க, வறுத்துத் தரேன்" என்கிறாள்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?