நாலு ஆம்பியர்

இது நடந்தது. நம்புங்கள் என்று யார் காலிலும் விழப்போவதில்லை. 1967, ஜூலை 14, வெள்ளிக்கிழமை.

மில்லில் நைட் ஷிஃப்டைப் பாதியில் உதறிவிட்டு வந்தவன் நான். பம்பாய் தாராவியில் கோமதிநாயகம் அண்ணாச்சியின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் எட்டு மாதமாகத் தினக்கூலி. வீட்டில் என் மனைவி முருகம்மாளுக்கு ஏழாம் மாதம். வேறு எங்கும் வேலை இல்லை.

மான்குர்த்தில் குடியிருக்கும் நம்பிராஜனின் பழைய வண்டி நாலாவது முறையாக வந்து நின்றது. அதே புகார். ராத்திரி வீடு போய்ச் சேருவதற்குள் பேட்டரி காலி. அந்த வண்டியில் பேட்டரி செத்தால் எஞ்சினும் நின்றுவிடும்.

"வே அண்ணாச்சி, டைனமோ மாட்டுதீரா, அம்மிக்கல்லு மாட்டுதீரா?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏலே, இன்னைக்கு சார்ஜ் நின்னா நீ பெர்மனண்ட். நிக்கலைன்னா நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

டைனமோவில் கார்பன் பிரஷ் புதிது. டைனமோ கரண்டைப் பேட்டரிக்குத் திறந்து மூடும் கட்அவுட் சரி. வயர் முழுவதும் மாற்றினேன். ஹெட்லைட்டின் தலையில் இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் சார்ஜ் பக்கமே நின்றது. பழுதே இல்லை.

"மான்குர்த் வரைக்கும் ஓட்டிப் பாரு."

"நீங்களும் வாங்க அண்ணாச்சி."

"அந்த ரோட்டுக்கு நான் வரமாட்டேன். போலே."

8.40க்குக் கிளம்பினேன். சயான் தாண்டியும் சரி, செம்பூர் தாண்டியும் சரி, முள் அசையவில்லை. பிறகு வீடுகள் நின்றுபோயின. இரண்டு பக்கமும் சதுப்பு. தூறல்.

9.12. முள் மறுபக்கம் விழுந்தது, பேட்டரி வடியும் பக்கம். மைனஸ் நாலு. ஹெட்லைட் இழுக்கும் அதே அளவு.

லைட்டை அணைத்தேன். மைனஸ் நாலு.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. லைட்டில் கரண்ட் கசிகிறதா என்று சந்தேகம் வந்தால், பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இருட்டிலேயே ஓட்டிப் பார்ப்போம். எஞ்சினை அணைக்காமல் வண்டியை நிறுத்திக் கழற்றினேன். பையில் போட்டேன். டார்ச் அடித்தேன்.

மைனஸ் நாலு.

எஞ்சினை நிறுத்தினேன். அப்போதும் நாலு. பேட்டரி வயரையே பிடுங்கினேன்.

நாலு.

டிக்... டிக்... கட்அவுட்டின் சத்தம். எஞ்சின் ஓடாமல் அது அடிக்காது.

டார்ச் அணைந்தது. ஆனால் இருட்டவில்லை...

நெஞ்சு சுட்டது. குனிந்து பார்த்தேன்.

பையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

சட்டை கருகும் வாசனை. வெளிச்சம் ரோட்டோரம் விழுந்தது. அங்கே ஒரு பெண். மல்லாந்து கிடந்தாள்.

பஸ்ஸை நிறுத்துவதுபோல்... கை தூக்கினாள்.

பையைக் கிழித்து எறிந்தேன்.

ஓடினேன்.

9.35. ரோட்டோரம் நூர் நிஷா என்பவளின் டீக்கடை. என் நெஞ்சில் வட்டமாக வெந்திருந்ததைப் பார்த்தாள். அவளாகவே சொன்னாள்.

"போன வருஷ மழையில, தம்பி. பேராச்சின்னு ஒரு பொம்பளை. லைட் போடாத மோட்டார் சைக்கிள் ஒண்ணு அடிச்சுப் போட்டுட்டு ஓடிப்போச்சு. விடியுற வரைக்கும் உசுரோட கிடந்தா. போற வண்டிக்கெல்லாம் கையைத் தூக்கிட்டே இருந்திருக்கா. அந்தேரா, கும்மிருட்டு, எவனுக்குத் தெரியும்?"

பொழுது விடிந்ததும் திரும்பிப் போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். துண்டால் நெஞ்சை மூடியிருந்தேன்.

"சார்ஜ் நிக்கலை அண்ணாச்சி." பல்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "பல்பை எந்தப் பையில வச்சிருந்தே?"

நான் துண்டை இறுக்கிக்கொண்டேன். அவர் மெதுவாகச் சட்டைப் பித்தானைக் கழற்றினார். இடது மார்பில் வட்டமாக ஒரு தீப்புண். ஒரு வருஷப் புண். இன்னும் ஈரமாக இருந்தது.

"போன வருஷ மழையில, பல்பைப் பையில போட்டுட்டு இந்த வண்டியை டெஸ்ட் பார்த்தது நான்தாம்லே," என்றார். "நீ பெர்மனண்ட். வாயைத் திறக்காத."

திறக்கவில்லை. அன்றே பெர்மனண்ட் ஆனேன்.

இரண்டு வருஷமாகிறது. மகன் நடக்கிறான். சயான் ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் மாறிவிட்டார்கள்.

என் புண்ணும் காயவில்லை.